எந்த எட்டு செகண்ட்?

"நீ எந்த எட்டு செகண்டை வெட்டினே?"

கோபமாகக் கேட்கவில்லை. காபி மெஷின் முன்னால் நின்று காகிதக் கோப்பைக்கு மூடி தேடிக்கொண்டே கேட்டார், எங்கள் ரேடியோவின் ராத்திரி ஷிஃப்ட் அறிவிப்பாளர். 1998-ல் நடந்தது. அமெரிக்காவில் எல்லாரையும்போல நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். தமிழில் எழுதும்போது 'அவர்' தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நான் ஸ்மூத் ஜாஸ், அதாவது காதுக்கு இதமான மென்மையான ஜாஸ், போடும் அந்த ரேடியோவில் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும். ஹோட்டல் ஹாலில் நூறு பேரை உட்காரவைத்து, மதிப்பெண் போட ஆளுக்கொரு திருகு குமிழைக் கையில் கொடுத்து, ஒரே மாலையில் முந்நூறு பாட்டு போடுவோம். பாட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. எட்டு செகண்ட் துண்டு, அவ்வளவுதான். பிடித்தால் 100-ஐ நோக்கித் திருப்பலாம், பிடிக்காவிட்டால் பூஜ்யத்தை நோக்கி. துண்டை வெட்டித் தருவது என் வேலை. அதற்கு 'ஹூக்' என்று பெயர். கேட்டவுடன் பாட்டு ஞாபகம் வரவேண்டும், அதுதான் கணக்கு.

அந்தத் தடவை ஃபோர்ப்ளே குழுவின் முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு பட்டியலில் இருந்தது. எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் போய்க் கேட்டுவிட்டு வந்து எனக்குத் தீர்ப்பு எழுதுவீர்கள். வந்த மதிப்பெண் 52. எங்கள் ரேடியோவில் 60-க்குக் கீழே போனால் வெளியே. அடுத்த திங்கள்கிழமை பாட்டு கிடையாது. எட்டு செகண்ட் கதை அவர் காதுக்குப் போனது அதற்கப்புறம்தான்.

இதில் வேடிக்கை, அவருக்கு அந்த ஆல்பமே பிடிக்காது. ராத்திரி ஷிஃப்ட் அறிவிப்பாளர். அதே அலைவரிசையில் பழைய ஜாஸ் ஓடிய நாளிலிருந்து இருப்பவர். ஃபோர்ப்ளே என்றாலே லிஃப்ட் சங்கீதம் என்பார். ஜாஸ் விமர்சகர்கள் பலரும் இந்த வகையையே அப்படித்தான் ஒதுக்கினார்கள். ஆனால் 1991-ல் வந்த அந்த ஆல்பம் அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் கன்டெம்பரரி ஜாஸ் பட்டியலில் 33 வாரம் முதலிடத்தில் இருந்தது. பியானோவில் பாப் ஜேம்ஸ், கிதார் லீ ரிட்டனவர், பேஸ் நேதன் ஈஸ்ட், டிரம்ஸ் ஹார்வி மேசன். "1973-ல் ஹெர்பி ஹான்காக்கோட 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில அடிச்ச ஆள் இந்த ஹார்வி. இப்ப பாரு, பல்டாக்டர் கிளினிக்குக்கு அடிக்கிறான்" என்று ஒருமுறை சொன்னார். அப்படிச் சொன்ன மனுஷன்தான் அந்தப் பாட்டு போனதற்காக என்னைக் கேள்வி கேட்டார்.

நான் சொன்ன பதில்: "மெலடி வர்ற இடம். கிதாரும் பியானோவும் சேர்ந்து எடுக்கிற இடம்."

"ம்" என்றார். மூடி கிடைத்துவிட்டது. அழுத்தி மூடினார். "நானா இருந்தா அதுக்கு முந்தின எட்டு." போய்விட்டார்.

முந்தின எட்டில் ஒன்றும் நடக்காது. கிதாரும் பியானோவும் ஒதுங்கிக்கொள்ளும். பேஸும், அதற்குக் கீழே டிரம்ஸில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளமும் மட்டும் போய்க்கொண்டிருக்கும். கடைசி செகண்டில் ஹார்வி ஸ்னேர் என்ற சின்ன டிரம்மைத் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு தட்டுவார். இதைப் போட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் 'பிடித்ததா' என்றால் என்ன திருப்புவார்கள்? பாட்டையே கண்டுபிடிக்க முடியாது. விதிப்படி நான் வெட்டியது சரி. இன்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

அப்புறம் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஒருவேளை அவர் மதிப்பெண்ணைப் பற்றியே பேசவில்லையோ. அந்த எட்டு போட்டாலும் பாட்டு தோற்றிருக்கும்; தோற்பதானால் அந்த எட்டோடு தோற்கட்டும் என்கிறாரோ? இல்லை, வெறுமனே என்னைச் சீண்டினாரா? அந்த ஆளுக்கு அந்தப் பழக்கமும் உண்டு. திரும்பக் கேட்டிருக்கலாம். இரண்டு மாதத்தில் ராத்திரி ஷிஃப்டை முன்கூட்டியே பதிவுசெய்து ஓட்ட ஆரம்பித்தார்கள், அவர் போய்விட்டார். இரண்டு மாதம் தினமும் அதே மெஷினில் காபி பிடித்தேன், கேட்கவில்லை.

வெட்டுவதே பாவம் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. பாப் ஜேம்ஸ் 1974-ல் போட்ட 'நாட்டிலஸ்' என்ற இசைத் துண்டிலிருந்து ஹிப்-ஹாப் பையன்கள் சில செகண்டுகளை வெட்டி எடுத்து எத்தனையோ பாட்டுகள் பண்ணினார்கள். அந்த இசைக்கு இன்னொரு ஆயுள் கிடைத்தது. அவர்கள் வெட்டினால் கலை, நான் வெட்டினால் கொலையா? நல்ல வாதம்தான். ஆனால் அந்தப் பையன்கள் எடுத்தது முந்தின எட்டு மாதிரியான இடங்களை. இதை யோசிக்கும்போதுதான் வாதம் கையைவிட்டு நழுவுகிறது.

'ஸ்மூத் ஜாஸ்' என்ற பெயரே இப்படிக் கேட்பவர்களை உட்காரவைத்து நடத்திய ஆய்வில், வந்திருந்த ஒருவர் வாயிலிருந்து வந்தது என்று தொழிலில் சொல்வார்கள். அதன்பின் அந்த வார்த்தைக்கு ஏற்ற மாதிரி நாங்கள் இழைத்து இழைத்து மழமழவென்று ஆக்கினோம். 2008-ல் நியூயார்க்கின் ஸ்மூத் ஜாஸ் ரேடியோ ராக்குக்கு மாறியது, 2009-ல் சிகாகோவிலும் மூடினார்கள். எந்த ரேடியோ கேட்டோம் என்று கேட்பவர்களே டயரி எழுதிய காலம் போய், அதைத் தானாகவே பதிவுசெய்யும், இடுப்பில் மாட்டும் மீட்டர் வந்ததும் எண்ணிக்கை சரிந்தது என்பது பொதுவாகச் சொல்லும் காரணம். எங்கள் ஆராய்ச்சியும் காரணமா? எனக்கு அந்த அளவுக்கு அதிகாரம் இருந்ததில்லை. நான் வெட்டினேன், முடிவெடுத்தது வேறு ஆள். இந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

போன மாதம் லேப்டாப்பில் அந்தப் பாட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, புதிதாக வெட்டினேன். கை போய் நின்றது அதே மெலடியில். பிறகு முந்தின எட்டையும் தனியாக வெட்டி, ஹெட்ஃபோனில் நாலைந்து தடவை கேட்டேன். ஸ்னேரில் அந்தத் தட்டு வரும்போது ஒவ்வொரு தடவையும் மூச்சு ஒரு கணம் நின்றது. ஆனாலும் அந்த ஹாலில் கையில் திருகோடு உட்கார்ந்திருந்தால் 50-க்கு மேல் திருப்பியிருக்க மாட்டேன்.