மூன்று வருஷம்

ஜனவரி 14, 2024
போன் வரவில்லை.

ஜனவரி 15
பொங்கல் வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார். பிள்ளையின் தட்டையும் எடுத்து வைத்திருந்தேன், கை தானாகவே போகிறது.

ஜனவரி 17
ராத்திரி லோட்ஷெடிங். இருட்டில் உட்கார்ந்து அந்த வீடியோவை மறுபடியும் பார்த்தேன். பாட்டுப் பாடுகிற ட்ராய் சிவானுக்கு அப்போது 18 வயசு, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று காமிராவைப் பார்த்து நேராகப் பேசுகிறான். 2013 ஆகஸ்ட் 7. சரியாக மூன்று வருஷம் முன்னால், அதே தேதியில், வீட்டில் சொல்லிவிட்டானாம். ரெண்டு மாசம் முன்புதான், பிறந்த நாளன்று, இஎம்ஐ என்ற இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தான். கம்பெனி அவன் பாட்டு ஒன்றைக்கூட வெளியிடவில்லை, அதற்குள் ஊருக்கே சொல்லிவிட்டான். மறு வருஷம் வந்த ஐந்து பாட்டுத் தொகுப்பு அமெரிக்க ஆல்பம் பட்டியலில் ஐந்தாம் இடம் வரைக்கும் போனது.

அதெல்லாம் இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு மூன்று வருஷம் கிடைத்ததே, அதுதான் என் மனசைக் குடைகிறது. யோசிக்க, அழ, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பழகிக்கொள்ள. என் பிள்ளை சொன்னபோது எனக்குக் கிடைத்தது அடுப்படியில் பத்து நிமிஷம். பருப்பு பொங்கி வழிந்தது, அடுப்பை அணைக்கத் திரும்பினேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவன் நினைத்துவிட்டான்.

ஜனவரி 18
அணைக்காமல் இருந்திருக்கலாம். பருப்புதானே.

ஜனவரி 20
விரதத்துக்காக வீட்டைக் கழுவும்போது அவன் அலமாரியில் ஒரு நோட்டு கிடைத்தது. எல்லாம் அந்த சிவான் பாட்டுகள், பென்சிலில் எழுதியது. அவன் காதல் பாட்டில் 'அவன்' என்றுதான் பாடுவான், மறைப்பதே இல்லை. என் பிள்ளை அந்த இடத்தில் எல்லாம் 'அவள்' என்று மாற்றி எழுதி, அப்புறம் ரப்பரால் அழித்திருக்கிறான். மறுபடி எழுதி, மறுபடி அழித்து, ஒரு பக்கத்தில் தாள் தேய்ந்து விரல் தெரிகிறது. இதே வீட்டில்தான் நானும் இருந்தேன். சாப்பாடு ஆயிற்றா என்று கதவைத் தட்டியிருப்பேன்.

ஜனவரி 22
இன்றுதான் ஞாபகம் வந்தது. 2010 டிசம்பரில் 'ஸ்பட்' படத்துக்கு நானும் என் பிள்ளையும் போனோம், மண்டேலா விடுதலையான வருஷத்தில் போர்டிங் ஸ்கூலுக்குப் போகும் பையன் கதை. பையனாக நடித்தது இதே சிவான்தான்! ஜோஹானஸ்பர்க்கில் பிறந்து ரெண்டு வயசில் பெர்த்துக்குப் போனவன், நடிக்க இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்திருந்தான். அவனும் 95, என் பிள்ளையும் 95. அந்த ஆகஸ்டில்தான் சிவான் தன் வீட்டில் சொல்லியிருந்தான். அப்படியானால் திரையில் இருந்த பிள்ளை சொல்லி முடித்தாயிற்று, என் பக்கத்துச் சீட்டில் பாப்கார்ன் தின்ற பிள்ளை சொல்லவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான். பதினைந்து வயசுக்கு அப்படித்தான் சிரிப்பான் என்று நினைத்தேன்.

ஜனவரி 25
காவடி. பால்குடம் எடுத்தேன். கேப் டவுனில் இருந்து வந்துவிடுவான் என்று கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் வரைக்கும் அவன்தானே காவடி எடுத்தான். "தம்பி எங்கே அண்ணி?" என்று நாத்தனார் நாலு பேர் முன்னால் கேட்டாள். வேலை என்றேன். முருகன் சன்னதியில் நின்று பொய் சொன்னேன்.

ஜனவரி 29
1996 சாசனத்திலேயே இந்த நாடு எழுதி வைத்துவிட்டது, இதற்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்று. 2006ல் கல்யாணச் சட்டமும் வந்தது. அவரிடம் இன்று சொன்னேன். "சட்டம் வேற, வீடு வேற" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு என்றால் யார், நீங்களும் நானும்தானே என்று கத்தினேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் கத்தி அவர் கேட்டதில்லை.

ஜனவரி 30
தலைவலி.

பிப்ரவரி 5
விடியற்காலை மெசேஜ்! கிராமி இசை விருது பற்றி. சிவானுக்கு ரெண்டு பிரிவில் பேர் இருந்தது, ஒன்று கைலி மினோகுக்குப் போயிற்று, இன்னொன்று பீட்டில்ஸுக்கு. ஆனால் நம்ம ஜோபர்க் பெண் டைலா ஜெயித்துவிட்டாள். "பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டிருந்தான். ஒரு மாசம் கழித்து அம்மா என்ற வார்த்தை. என்ன எழுதுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சிவானுக்குக் கொடுத்திருக்கணும் கண்ணா" என்று போட்டேன். நீல டிக் விழுந்தது. எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான். கடைசியில், "அவன் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாளை ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணு, சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 6
ஏழே முக்கால். அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. அவர் டிவியை அணைத்துவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில்