ஜனங்கள்மேல் ஒரு துளிகூடப் படவில்லை

பைபிளில் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரே நாள் ஆசரிப்புக் கூடாரத்தில் திரைக்கு உள்ளே இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும் பிரதான ஆசாரியர் ஆரோன், காளையின் இரத்தத்தை உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் விரலால் தெளிக்கிறார். கிருபாசனத்துக்கு முன்னாலும் 7 தரம் தெளிக்கிறார். இது அவருக்கும் அவர் வீட்டாருக்கும் பாவநிவாரணத்துக்காக. அப்புறம் ஜனங்களுக்காக வெள்ளாட்டுக்கடா, அதே முறை. ஆனால் அந்த இரத்தம் ஜனங்கள்மேல் படுவதே இல்லை. சுத்திகரிக்கப்படுவது கூடாரமும் பலிபீடமும்! மனிதனுடைய பாவம் கர்த்தர் தங்கும் இடத்தையே தீட்டாக்குகிறது என்கிறது 16-ஆம் வசனம். எங்கோ ஒருவன் குடியிருக்கும் கூடாரத்தில் நடந்த அநியாயம் திரைக்கு உள்ளே வரைக்கும் போய்ச் சேர்கிறது. எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் நடுக்கம்தான்.

கோபமான கடவுளுக்கு இரத்தம் கொடுத்துச் சமாதானம் பண்ணுவது என்று சிலர் சுருக்கிவிடுகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. 17:11-இல் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, பிராயச்சித்தத்துக்காக அதை உங்களுக்குக் கொடுத்தேன் என்று கர்த்தரே சொல்கிறார். கொடுப்பவர் அவர்தான்.

சரி, தனி ஆள் தன் பாவத்துக்காகப் பலி கொண்டுவரும்போது ஆடு வாங்க வசதி இல்லாதவன்? இரண்டு புறா போதும். அதுவும் முடியாதவன் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு கொண்டுவரலாம் (5:11). எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம், இரத்தமும் இல்லை. அவனுக்கும் அதே மன்னிப்பு. இதைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கம் கேட்க எனக்கு ரொம்ப ஆசை.