டாம் சாயருக்கு அப்புறம்

ஜூன் 4
அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் என்றால் டாம் சாயர், ஹக்கில்பெரி ஃபின் என்ற சிறுவர் கதைகள் என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். இன்று ‘ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்’ எடுத்தேன். 1894-இல் அவருடைய பதிப்பகம் திவாலாகிவிட, கடனை அடைக்க ஊர் ஊராக மேடையேறிப் பேசிக்கொண்டே உலகத்தைச் சுற்றினார். அப்போது அவருக்கு வயது அறுபதை ஒட்டி. அந்தப் பயணத்தின் கதை, 1897-இல் வந்தது.

ஜூன் 7
கொழும்பு. 1896 ஜனவரி. தெருவில் போகிறவர்களின் உடையையும் நிறங்களையும் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோகிறார். நடுவில் மிஷன் பள்ளிச் சிறுமிகள் ஐரோப்பிய உடுப்பில் வரிசையாக வருகிறார்கள். அந்த உடுப்பைப் பார்த்ததும் மனிதருக்கு மனசே விட்டுப்போகிறது.

ஜூன் 8
பம்பாய் ஓட்டல் அறை. நேற்று ராத்திரி படித்தது, இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

பால்கனிப் பக்கம் கண்ணாடிக் கதவில் ஏதோ சரிசெய்ய வேண்டும். வேலையாள் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கூட வந்த ஜெர்மன்காரர் தாடையில் ஒரு அறை விடுகிறார். என்ன தப்பு என்பதை அதற்கப்புறம்தான் சொல்கிறார். அடிபட்டவன் முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

ஐம்பது வருஷமாக இப்படி ஒன்றைப் பார்க்கவில்லை என்கிறார் ட்வைன். அந்த நொடியே, தான் சிறுவனாக வளர்ந்த அமெரிக்காவின் மிசௌரிக்கு மனசால் போய்விடுகிறார். அவருடைய அப்பா நல்ல மனிதர். பெற்ற மகன்மேல் இரண்டே முறைதான் கை வைத்தவர். ஆனால் வீட்டு அடிமைப் பையனைச் சின்னச் சின்னத் தவறுக்கெல்லாம் அறைவார். அப்புறம், தனக்குப் பத்து வயதிருக்கும்போது கண்ணால் கண்டது: வேலையைச் சரியாகச் செய்யாத அடிமை ஒருவன்மேல் ஒருவர் இரும்புத்தாதுக் கட்டியை வீசுகிறார். ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடுகிறது. ஊரில் யாரும் அதைச் சரி என்று சொல்லவில்லை. பெரிதாகப் பேசவும் இல்லை.

பெற்ற அப்பாவையும் விட்டுவைக்காமல், ஆனால் ஒரு வசவும் இல்லாமல் எழுதியிருக்கிறார். இந்தப் பக்கங்களை ஏன் பள்ளிக்கூடத்தில் யாரும் கொடுப்பதில்லை?

ஜூன் 13
‘ஏவாளின் நாட்குறிப்பு’. ஒரே உட்காரலில் முடித்தேன். மனைவி ஒலிவியா 1904-இல் இறந்தபின் ட்வைன் எழுதியது. பெரும்பாலும் விளையாட்டான பேச்சுதான். கடைசி வரி மட்டும் ஏவாளின் கல்லறையில் ஆதாம் சொல்வது: அவள் எங்கே இருந்தாளோ, அங்கே ஏதேன் இருந்தது.

என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “இன்னொரு தடவை வாசிங்க” என்றாள்.

அடுத்து ஜோன் ஆஃப் ஆர்க் பற்றி ட்வைன் எழுதிய நாவல். தன் புத்தகங்களிலேயே தனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.