ஸ்டூல் இருக்கு, உட்கார ஆள் இல்ல

"கால் வலிக்குதுன்னு தானே சொன்னேன், இடத்தை மாத்துங்கன்னு கேட்டேனாண்ணா?" அந்தப் பொண்ணு குரலை உசத்திக்கூட சொல்லல, ஆனா ஆடி சேல் முடிஞ்சு தீபாவளி கூட்டமே வந்துடுச்சு, எனக்கு இன்னும் அது உறுத்துது.

எங்க ஜவுளிக்கடைல ஃப்ளோரைப் பாத்துக்கிறவன் நான். நான் பண்ணது என்ன, அவளை பட்டு செக்‌ஷன்ல இருந்து எடுத்து டேக் போடுற டேபிள்ல உட்கார வெச்சேன். மேல் தட்டுப் புடவைய இழுக்க நாள் பூரா நுனிக்கால்ல எக்கணும், ஒவ்வொரு தடவை எக்குறப்பவும் குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி இருக்குதே அந்த தசைநார்தான் மொத்த உடம்பையும் தாங்குது, கணுக்கால் பின்னாடி வீங்கி நொண்டுறவளைப் பாத்துட்டு பேசாம இருக்க முடியுமா? பட்டுல இன்சென்டிவ் உண்டு, டேக்ல கிடையாது, தெரிஞ்சுதான் மாத்துனேன். காலை விட காசு பெருசான்னு நினைச்சேன். வியாசர்பாடில வாடகை கட்டுறது நான் இல்லையே.

உட்காரலாமேன்னு கேப்பீங்க. 2021ல தமிழ்நாட்டுல கடைகள் சட்டத்தையே திருத்தி, வேலை செய்யுறவங்களுக்கு சீட் குடுக்கணும்னு போட்டாங்க, கேரளால 2018லயே வந்துடுச்சு. எங்க ஃப்ளோர்லயும் ஸ்டூல் வந்துச்சு, இப்ப அது மேல அட்டைப்பெட்டி இருக்கு. கஸ்டமர் முன்னாடி எந்தப் பொண்ணு உட்காருவா, உட்கார்ந்தா மேல இருக்கிறவங்க முதல்ல கேக்குறது என்னைத்தான்.

இதுல பெரிய கூத்து, பிசியோகிட்ட போயிட்டு வந்து அவ சொன்னது. ஒரேயடியா ரெஸ்ட் எடுத்தா தசைநாருக்கு பலம் குறைஞ்சு போயிடுமாம், வேலைய குறைக்கணும், நிறுத்தக்கூடாதாம். படிக்கட்டு ஓரத்துல முன்பாதத்தை மட்டும் வெச்சு குதிகாலை மெதுவா கீழ இறக்கணும், தினமும், 12 வாரம். லேசா வலிச்சா பரவாயில்ல, மறுநாள் காலைல அதிகமானா குறைச்சுக்கணும். "உட்கார்ந்தே இருந்துட்டு எழுந்தா முதல் நாலு அடிதான்ணா உசிர் போகுது"ன்னா. அப்ப நான் வலிக்குப் பண்ண வைத்தியம் என்னது?

மேல் தட்டுக்கு ஆள் மாத்தி மாத்தி விட்டிருக்கலாம். விட்டா மத்தவங்க "அவளுக்கு மட்டும் என்ன சலுகை"ன்னு வருவாங்க, அதுவும் நியாயம்தான். நான் பண்ணது தப்புன்னு இப்பவும் தோணல, சரின்னும் சொல்ல வாய் வரல.

போன வாரம் இன்னொரு பொண்ணு ரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னா. என்னம்மான்னு கேட்டேன். சட்டுனு ரெண்டு காலையும் ஊனி, "ஒண்ணுமில்லண்ணா, செருப்பு கடிச்சிடுச்சு"ன்னா. எங்க செக்‌ஷன்ல யாரும் செருப்பு போடுறதில்ல.