மிகுந்த ஒளியை இலை வெப்பமாக்கும் விதம்

உச்சிவெயிலில் நிற்கும் இலையைப் பார்க்கும்போதெல்லாம், தனக்குப் பயன்படாத ஒளியை அது வெப்பமாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது என்னும் எண்ணம் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. அவ்வாறு வெளியேற்றாவிட்டால், பச்சையத்தில் தேங்கும் ஆற்றல் ஆக்சிஜனுக்குத் தாவி, இலையின் புரதங்களைச் சிதைக்கும். ஒளி மிகும்போது பசுங்கணிகத்தின் தைலகாய்டு பைகளுக்குள் புரோட்டான்கள் குவிந்து அமிலத்தன்மை ஏறுகிறது. அதுவே பிஎஸ்பிஎஸ் என்னும் புரதத்தைத் தூண்டுவதோடு, வயலாசாந்தின் என்னும் மஞ்சள் நிறமியைச் சியாசாந்தினாக மாற்றும் நொதியையும் இயக்குகிறது. இப்புரதமும் சியாசாந்தினும் சேர்ந்தே மிகுந்த ஒளியாற்றலை வெப்பமாக மாற்ற உதவுகின்றன. நிழல் விழுந்ததும் இம்மாற்றம் உடனே மீள்வதில்லை என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: மேகம் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில், பயன்படக்கூடிய ஒளியும் வெப்பமாக வீணாகிறது. இந்த மீட்சி விரைவுபடுத்தப்பட்ட புகையிலைச் செடிகள் வயலில் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் உலர் எடை பெற்றதாக 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.