அக்கா மகனுக்கு ஒரு ஜோடி லோஃபர்

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வாசலில் கழற்றிப் போட்டிருந்த அவனுடைய லோஃபரை, அதாவது லேஸ் இல்லாமல் காலை நுழைத்துப் போடும் ஷூவை, கையில் எடுத்துப் பார்த்தேன். வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறதாம். விரல் மடங்கும் இடத்தில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து, அடியில் வெள்ளைத் துணி தெரிந்தது. குதிகால் பக்கம் லைனிங் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. "லெதர்னு சொல்லித்தான் குடுத்தாங்க மாமா" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஷூ தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். அடுத்த ஜோடி வாங்க நானும் கூடப் போனேன்.

உரிந்தது தோல் இல்லை, துணிமேல் ஒட்டிய பாலியூரித்தேன் படலம். ஈரமும் வியர்வையும் பட்டுப் பட்டு அது பொடிந்துவிடும். அசல் தோலா என்று பார்க்க பென்னி லோஃபரில் ஒரு வசதி உண்டு. மேலே குறுக்காகப் போகும் பட்டையின் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதை நகத்தால் லேசாகப் பிரித்து, வெட்டின் விளிம்பை அவனைப் பார்க்கச் சொன்னேன். தோல் என்றால் நார் நாராக, சொரசொரப்பாக இருக்கும். மேலே வழவழப்பான படலம், கீழே நெய்த துணி என்று இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அந்த ஜோடியைக் கீழே வைத்துவிடலாம். அப்புறம் கட்டைவிரலால் மேல்பகுதியை அழுத்திப் பார்க்க வேண்டும். மேல்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்ட ஃபுல் கிரெயின் தோலில் விரலைச் சுற்றி மெல்லிய ரேகைகள் ஓடி, விரலை எடுத்ததும் மறையும். பளபளப்புக்காக மேல்பரப்பைத் தேய்த்துக் கெட்டியாகப் பூச்சு கொடுத்த தோல் அப்படி இளகாது. நாளாக ஆக, மடிப்பு விழும் இடத்தில் பூச்சு வெடிக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், தோலைவிட அளவுதான் முக்கியம். லேஸ் ஷூ கொஞ்சம் பெரிதாக இருந்தால் இழுத்துக் கட்டிச் சமாளிக்கலாம். லோஃபரில் அந்த வழி இல்லை. புறங்காலும் குதிகாலும் மட்டும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. அவனுடைய பழைய ஜோடியில் லைனிங் ஓட்டையானதற்கும் இதுதான் காரணம். "ஈஸியா இருக்கட்டும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியிருக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே ஏறி இறங்கி, எட்டு மாதமாக அதே இடத்தில் உரசியிருக்கிறது.

சாயங்காலமாகத்தான் போனோம். நாள் முழுக்க நடந்த கால் லேசாக வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். லேஸ் ஷூவில் அவன் 9 போடுபவன். இதிலும் 9 போட்டதும் "இது சரியா இருக்கு மாமா" என்றான். நாலு படி ஏறி இறங்கச் சொன்னேன், குதிகால் கழன்று வெளியே வந்தது. எட்டரை போட்டதும் முகம் சுளித்தான். "விரல் நுனி இடிக்குதாடா, இல்ல பக்கவாட்டுல பிடிக்குதா?" பக்கவாட்டில்தான். அப்படியென்றால் கவலையில்லை. தோல் அகலவாக்கில் இளகிக் கொடுக்கும், நீளவாக்கில் கொடுக்காது. விரல் இடித்தால் அது என்றைக்கும் இடித்துக்கொண்டேதான் இருக்கும். புதுசில் சோல் விறைப்பாக இருப்பதால் குதிகால் துளி நழுவுவது சகஜம், சோல் வளையப் பழகியதும் நின்றுவிடும்.

சோல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பசையால் மட்டும் ஒட்டியது வேண்டாம். பிளேக் தையல் போட்டதை எடுத்தோம். மேல்தோலையும் சோலையும் ஒரே தையல் ஊடுருவிப் பிடிக்கும், அதனால் எளிதில் வளையும், தேய்ந்தால் சோலை மாற்றவும் முடியும். ஓரத்தில் தனியாக ஒரு பட்டை வைத்து அதோடு சோலைத் தைக்கும் குட்இயர் வெல்ட் இன்னும் நாள் வரும், ஆனால் கனம். சாதாரண உடைக்குப் போட அவனுக்கு அது தேவையில்லை. மழையிலும் நடப்பவன் என்பதால் ரப்பர் சோல். அடியில் ரப்பர் குமிழ்கள் வைத்த டிரைவிங் லோஃபரை ஆசையாகப் பார்த்தான். கார் ஓட்டுவதற்கென்று வந்தது அது, தினமும் தெருவில் நடந்தால் குமிழ் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கடைசியில் எடுத்தது அடர் பழுப்பு, உள்ளேயும் தோல் லைனிங். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே மெல்லிய சாக்ஸோடு தினம் ஒரு மணி நேரம் போட்டு நடந்திருக்கிறான். ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடு, உள்ளே இறங்கிய வியர்வை காய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று போனில் கேட்டேன். பக்கவாட்டுப் பிடி விட்டுவிட்டதாம், படியிறங்கும்போது குதிகால் அசைவதே இல்லையாம். அடுத்த முறை வரும்போது ஷூ வடிவம் கெடாமல் இருக்க உள்ளே வைக்கும், தேவதாரு மரத்தில் செய்த ஷூ ட்ரீ ஒரு ஜோடி அவனுக்காக எடுத்து வைத்திருப்பேன்.