ரேஷன் கடையில் விழுந்த கதை

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்து ஆறு வருடம். நேற்று ரேஷன் கடை வரிசையில் கண் இருட்டி, அப்படியே சரிந்துவிட்டேன். பின்னால் நின்ற அக்கா முந்தானையால் விசிறி, சோடாவை நீட்டினார். பாவம், எனக்கு சோடா ஆகாது. இரண்டு வாய்க்கே நெஞ்சை அடைக்கும்.

சிக்கலே அதுதான். ஸ்லீவ் செய்த, அதாவது பெரும்பகுதியை வெட்டியெடுத்து ஒல்லிக் குழாயாக்கிய வயிற்றில் மடமடவென்று ஒரு சொம்புத் தண்ணீர் இறங்காது. சாப்பாட்டோடும் குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்கும் கூடாது. மிச்ச நேரத்தில் மடக்கு மடக்காகக் குடித்துத் தேற்ற வேண்டும். முதல் வருடம் அலாரம் வைத்துக் குடித்தேன். அப்புறம் எங்கே!

டாக்டர் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், 112. எழுந்து நின்றதும் 84-க்கு இறங்கிவிட்டது; கண் இருட்டியது அதனால்தான். தண்ணீர் குறைச்சல் போதாதென்று, நான் 118 கிலோ இருந்தபோது எழுதிய பிரஷர் மாத்திரையை இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறேனாம்! பாதியாகக் குறைத்துவிட்டார். இப்போது மேசையில் உப்பு மோர் பாட்டில். இதோ, ஒரு மடக்கு.